மாப்ளே, அந்த நெய்க் கிண்ணத்தை இங்கிட்டு நகத்து

நீ நெய்யை நிறுத்திப்புட்டேன்னு உங்க அத்தை சொன்னா மாப்ளே. நல்ல காரியம். ஒரே ஒரு சந்தேகம் கேக்குறேன், கோவிச்சுக்காதே. நிறுத்துற அளவுக்கு நீ எப்ப நெய் சாப்ட்ட? பருப்புச்சோத்துக்கு மேல ஒரு சொட்டு. அதையும் என் தங்கச்சி, அதான் உங்க அம்மா, ஸ்பூனை வழிச்சு வழிச்சுத்தான் விடுவா. அந்தச் சொட்டை நிறுத்திட்டு ராஜபாளையம் பூரா தண்டோரா போட்டுட்டுத் திரியிற. நேத்து வர்ற வழியில விருதுநகர்ல இறங்கி எண்ணெய்ப் பரோட்டாவை உள்ள தள்ளுனதை மட்டும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. நீ விடாட்டா என்ன? சட்டைப் பையில இருக்கிற சால்னாக் கறை வாய் தொறந்து சொல்லுதே.

தப்புன்னு சொல்ல வரல. விருதுநகர்ப் பரோட்டாவைப் பாத்துட்டும் சும்மா வர்றவன் ஒண்ணு சாமியாரா இருக்கணும், இல்ல பல்லுவலிக்காரனா இருக்கணும். நடுவுல பள்ளமான கல்லு, அதுல எண்ணெய் குளமா நிக்கும். உள்ளங்கை அகலப் பரோட்டாவை அதுல இறக்கிவிட்டா ஓரம் சுருண்டு, செவந்து, மொறுமொறுன்னு மேல வந்து மிதக்கும். அரிகரண்டியில அள்ளி ஒரு வடி வடிச்சு, பிச்சுப் போட்டுச் சால்னாவை ஊத்துவாக. அந்த எண்ணெய் காலையில ஊத்துனதா, முந்தாநாள் ஊத்துனதான்னு நீ கேட்டியா? கேக்க மாட்ட. இதுக்குன்னு சட்டமே இருக்கு மாப்ளே. திரும்பத் திரும்பக் காஞ்சு எண்ணெய்க்குள்ள சேருற கசடுக்குன்னு ஒரு அளவு வச்சிருக்காக. அது 25 சதத்தைத் தாண்டிட்டா அந்த எண்ணெயில சமைக்கப்படாதுன்னு 2018 ஜூலையில இருந்து உத்தரவு. அதையெல்லாம் நீ விசாரிக்க மாட்ட. எங்க வீட்டு நெய்க்குத்தான் விசாரணைக் கமிஷன் வைப்ப.

கொண்டா அந்த ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை. மொத்தக் கொலஸ்ட்ரால் 228ன்னு சிவப்பு மையில வட்டம் போட்டிருக்காக. நீ அந்த வட்டத்தோட நின்னுட்ட. கீழ மூணு வரி இருக்குல்ல, அதையும் படி. கெட்ட கொழுப்புன்னு சொல்றாகளே அந்த எல்.டி.எல். 148, கூடுதல்தான். ஹெச்.டி.எல். 34, ஆம்பளைக்கு 40க்குக் கீழ இறங்கக் கூடாது. ட்ரைகிளிசரைடு 230, அது 150க்குள்ள இருக்கணும். இந்தக் கடைசி வரி இருக்கு பாரு, இதுக்கும் எங்க வீட்டு நெய்க் கிண்ணத்துக்கும் அவ்வளவா பழக்கமில்ல. இது வெள்ளைச் சோறு, சீனி, பரோட்டா மாவு, சனிக்கிழமை ராத்திரி நீ 'ஆபீஸ் மீட்டிங்'னு சொல்லிட்டுப் போற இடத்துல ஊத்துறது, இதுகளோட சகவாசம் வச்சிருக்கிற ஆளு. உடம்புக்குத் தேவைப்பட்டது போக மிஞ்சின மாவையும் சீனியையும் ஈரல் கொழுப்பா மாத்தி ரத்தத்துல ஏத்தி அனுப்பிரும். இன்னொண்ணும் கேட்டுக்க. உடம்புல இருக்கிற கொலஸ்ட்ரால்ல பெரும்பங்கு நீ வாயால உள்ள போட்டது இல்ல. உடம்பே உக்காந்து செஞ்சது.

நீ ஒருத்தன்தான் இப்படின்னு நினைச்சு வெக்கப்படாதே. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர்னு நாலு இடத்துல ஐ.சி.எம்.ஆர். இன்டியாப் ஆய்வுக்காரங்க ரத்தம் எடுத்துப் பாத்து 2014ல கணக்கு வெளியிட்டாக. கொலஸ்ட்ரால் கூடிப்போனவுக நூத்துக்கு 13.9 பேர். ட்ரைகிளிசரைடு கூடிப்போனவுக 29.5. நல்ல கொழுப்புன்னு சொல்றாகளே அந்த ஹெச்.டி.எல்., அது குறைஞ்சு கிடந்தவுக 72.3. நாலுல மூணு பேருன்னு வச்சுக்க. நம்மாளுகளோட வியாதி இந்தப் பக்கம் இருக்கு. நம்ம பயமெல்லாம் அந்தப் பக்கம், முட்டையோட மஞ்சக்கருவுல இருக்கு. மஞ்சக்கருவைத் தனியா எடுத்து நாய்க்குப் போட்டுட்டு வெள்ளையை மட்டும் திங்கிறியாமே? நாய் நல்லாருக்கு மாப்ளே. ராஜபாளையத்து நாய், ரோமமெல்லாம் மின்னுது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சர்க்காரு வாரத்துக்கு அஞ்சு முட்டை குடுக்குது, எந்தப் பிள்ளையும் மஞ்சக்கருவைத் தனியா எடுத்து வைக்கலை.

சரி, இந்த நெய்ப்பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? முயல்ல இருந்து வந்துச்சு. சிரிக்காதே. 1913ல ருஷ்யாவுல அனிச்கோவ்னு ஒரு டாக்டர், கொலஸ்ட்ராலை எண்ணெயில கரைச்சு முயலுக்கு ஊட்டினாரு. முயலோட ரத்தக்குழாய் கெட்டுப்போச்சு. புல்லு திங்கிற பிராணிக்கு அதைக் குடுத்தா கெடாம என்ன செய்யும்னு பின்னால வந்தவுக நக்கலடிச்சாக. ரத்தத்துல கொலஸ்ட்ரால் ஏறினா குழாய் கெடும்னு அவரு பாத்தது என்னவோ பொய்யாப் போகலை. தின்னா ஏறுமாங்கிறதுலதான் முயலுக்கும் மனுசனுக்கும் வித்தியாசம்.

பிறகு 1955ல அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்துச்சு. பெரிய மனுசனுக்கு ஒண்ணு வந்தாத்தானே ஊரு பேசும்? ஆன்சல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி, மிருகக் கொழுப்பு கொலஸ்ட்ராலை ஏத்துது, கொலஸ்ட்ரால் நெஞ்சைத் தாக்குதுன்னு சொல்லி, 1958ல ஏழு நாட்டுல ஆய்வு தொடங்கினாரு. 1961 ஜனவரியில 'டைம்' பத்திரிகை அட்டையில அவரு படம் வந்துச்சு. அதே பத்திரிகை 1984ல ரெண்டு முட்டையைக் கண்ணா வச்சு, பன்னிக்கறித் துண்டை வாயா வளைச்சு, அழுமூஞ்சியா ஒரு அட்டை போட்டுச்சு. அதே பத்திரிகை 2014ல வெண்ணெய்ச் சுருளைப் படம் போட்டு, வெண்ணெய் சாப்பிடுங்கன்னுச்சு. ஒரு நாளைக்குக் கொலஸ்ட்ரால் 300 மில்லிகிராமுக்கு மேல திங்காதேன்னு வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டிருந்த அமெரிக்கச் சர்க்காரும், 2015க்கான வழிகாட்டியில அந்தக் கணக்கைச் சத்தமில்லாம எடுத்துருச்சு. நம்ம ஊரு சம்பந்தி வீட்டுக்காரங்ககூட இவ்வளவு வேகமா பேச்சு மாத்த மாட்டாக.

1967ஆம் வருஷத்தை மட்டும் தனியா முடிஞ்சு வச்சுக்க. அந்த வருஷத்துல ரெண்டு சங்கதி நடந்துச்சு. ஒண்ணு அமெரிக்காவுல. ஹார்வர்டு ஆளுக எழுதின கட்டுரை ஒண்ணு பெரிய மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு, கொழுப்புத்தான் குத்தவாளி, சீனி மேல பெரிசாக் குத்தமில்லைங்கிற தோரணையில. அதை எழுதுறதுக்குச் சீனி வியாபாரிகளோட சங்கம் 6,500 டாலர் குடுத்திருக்கு. கட்டுரையில அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. பழைய கடுதாசியையெல்லாம் கிளறி 2016லதான் வெளிய கொண்டாந்தாக. ஐம்பது வருஷம் நெய் ஜெயில்ல கிடந்துச்சு, சீனி மாப்பிள்ளை கோலத்துல ஊர்வலம் போச்சு.

ரெண்டாவது சங்கதி நம்ம நாட்டுல. மல்ஹோத்ரான்னு ஒரு ரயில்வே டாக்டரு. ரயில்வே ஆளுக நாடு பூரா ஒரே மாதிரி சம்பளம், ஒரே மாதிரி வேலை, ஆஸ்பத்திரிப் பதிவும் பக்காவா இருக்கும்ல? அதை வச்சு நெஞ்சுவியாதியில செத்தவுக கணக்கை எடுத்தாரு. பஞ்சாப் பக்கத்து ஆளுகளைவிடத் தெக்கத்தி ஆளுகளுக்கு அந்த நோய் ஏழு மடங்கு. ஆனா கொழுப்பு யாரு அதிகமாச் சாப்ட்டாக? பஞ்சாப்காரங்க. எட்டுல இருந்து பத்தொன்பது மடங்கு அதிகமா, அதுவும் பெரும்பாலும் பால், தயிர், நெய்யா. இங்கிலீஷ்காரன் நடத்துற இதயப் பத்திரிகையில இதைப் போட்டாக. ரொட்டி மேல வெண்ணெய்க் கட்டியை வச்சு உருக்கித் திங்கிற மனுசன் தெம்பா ரயில் ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான். ரசஞ்சோத்துக்கு எண்ணெயைச் சொட்டுச் சொட்டா எண்ணி விட்ட நம்மாளு நாப்பது சொச்சத்துல போய்ச் சேந்திருக்கான்.

உன் முகம் மலர்றது தெரியுது. உடனே கடைக்கு ஓடி அரைக்கிலோ நெய் வாங்கிறலாம்னு நினைக்காதே. மல்ஹோத்ரா எடுத்தது ஒரு கணக்கு. ரெண்டு ஊரு ஆளுகளுக்கு நடுவுல சாப்பாடு மட்டுமா வித்தியாசம்? உடம்பு, வேலை, பழக்கவழக்கம் எல்லாமே வேற. இதனாலதான் இதுன்னு அந்தக் கணக்கை வச்சு யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா நெய் மேல ஒத்தக் குத்தச்சாட்டை எழுதித் தூக்குல போட முடியாதுன்னு மட்டும் அது சொல்லிருச்சு. மினசோட்டாவுல 1968ல இருந்து 73 வரைக்கும் ஒரு சோதனை நடந்துச்சு. மிருகக் கொழுப்பை எடுத்துட்டுச் சோள எண்ணெய் குடுத்தாக. கொலஸ்ட்ரால் என்னவோ இறங்குச்சு, சாவு குறையலை. அந்தக் காகிதமெல்லாம் ஆராய்ச்சிக்காரரு வீட்டு நிலவறையில பெட்டியில கிடந்து, அவரு மகன் தேடி எடுத்துக் குடுத்து, 2016லதான் முழுசா அச்சேறுச்சு. தனக்குச் சாதகமான சாட்சியை மட்டும் கூண்டுல ஏத்துறது கோர்ட்டுல மட்டும் நடக்கிற காரியம்னு நினைச்சியா?

இப்ப உனக்குப் பிடிச்ச விசயத்துக்கு வருவோம். வில்லிபுத்தூர்ப் பால்கோவா. மகராசன், நெய் வேண்டாம்னு விரதம் இருந்துக்கிட்டே பையில ஒரு கிலோ டப்பா வச்சிருக்க. கேட்டா "பால்தானே மாமா"ங்கிற. கிண்டுற இடத்துல போய் நின்னு பாத்திருக்கியா நீ? விறகடுப்பு மேல அகல வாணலி, அடிபிடிச்சுறாம நிக்காமக் கிண்டிக்கிட்டே இருப்பாக. பால் சுண்டச் சுண்ட ஓரத்துல ஏடு ஒட்டும், அதையும் வழிச்சு உள்ள தள்ளுவாக. பிறகு சீனி விழும். விழுந்த உடனே கெட்டியா இருந்தது மறுபடி இளகிரும். பதம் வர்ற நேரத்துல வாணலி ஓரத்துல லேசா நெய் மினுங்கும், கரண்டியில சுருண்டு வரும். இதுக்கு 2019ல புவிசார் குறியீடே குடுத்துட்டாக. அந்த மினுக்கத்தைத்தான் நீ பயந்து பயந்து பாக்குற.

வா, கணக்குப் போடுவோம். பத்து லிட்டர் பாலுக்கு ஒண்ணேகால் கிலோ சீனி, வத்தி நிக்கிறது சுமாரா மூணரைக் கிலோ. பசும்பால்ல லிட்டருக்கு நாப்பது கிராம் கொழுப்புன்னு வச்சா, பத்து லிட்டருக்கு 400 கிராம். சீனி 1,250 கிராம். அப்ப நூறு கிராம் கோவாவுல கொழுப்பு பதினோரு பன்னெண்டு கிராம், போட்ட சீனி முப்பத்தஞ்சு கிராம். மூணு மடங்கு. பெரிய மனுசனுக்கே ஒரு நாளைக்குச் சீனி 25 கிராமுக்குள்ள நின்னா நல்லதுன்னு உலகச் சுகாதார நிறுவனம் 2015ல சொல்லிருக்கு. உன் டப்பாவுல நூறு கிராம் கோவாவே அதைத் தாண்டிக் குதிச்சுப் போயிருச்சு. போலீஸ்காரரு கொழுப்பைப் பிடிச்சுக் கையில விலங்கு மாட்டுற நேரத்துல சீனி பின்வாசல் வழியா வெளியேறிக்கிட்டிருக்கு. அதுக்காகக் கோவாவே வேண்டாம்னு நான் சொன்னா வில்லிபுத்தூர்க்காரங்க என்னைய ரதவீதிக்குள்ள விட மாட்டாக. ஒரு சுண்டுவிரல் அளவு எடு, நாக்குல வை, கண்ணை மூடு. டப்பாவை மடியில வச்சுக்கிட்டு டி.வி. பாக்காதே, அவ்வளவுதான்.

நம்ம நாச்சியாரு இதையெல்லாம் அப்பவே சொல்லிட்டுப் போயிருக்கா. மார்கழி பூரா கோயில்ல திருப்பாவை கேக்குது, உனக்குக் காதுல விழுதா? ரெண்டாம் பாட்டுல நெய்யும் வேண்டாம், பாலும் வேண்டாம்னு நோன்பு எடுக்குறா. இருபத்தேழாம் பாட்டுல, கூடாரவல்லி அன்னிக்கு, பால்சோறு மறையுற அளவு நெய் ஊத்தி, முழங்கை வரைக்கும் ஒழுக ஒழுகத் திங்கணும்னு ஆசைப்படுறா. ரெண்டுக்கும் நடுவுல இருபத்தஞ்சு நாள் மாப்ளே! அதிகாலையில எந்திரிச்சுக் குளிச்சு, பனியில நடந்து, ஊரையே எழுப்பிவிட்டதுக்குப் பிறகுதான் அந்த நெய். நீ எட்டு மணிக்கு எந்திரிக்கிற, கார்ல போற, கார்ல வர்ற, வருஷத்துல முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் கூடாரவல்லி கொண்டாடுற. எங்க அம்மா காலத்துல எங்களுக்கு நெய்ங்கிறது தீபாவளி, பொங்கல், பிள்ளை பெத்தவ, ஜுரத்துல கிடந்து எந்திரிச்சவன், இவ்வளவுதான். மத்த நாளுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய். எண்ணெய்க்கே 'இதயம்'னு பேரு வச்ச ஜில்லாக்காரங்க நாம, சும்மாவா?

நடுவுல டால்டா வந்துச்சு. மஞ்ச டப்பாவுல பனைமரம். 1937ல இந்தியாவுக்கு வந்த சரக்கு. நெய் விலை கட்டாது, இதுவும் நெய் மாதிரியே உறையுது, மணல் மணலா இருக்குன்னு கல்யாண வீட்டுல கேசரிக்கும் பொங்கலுக்கும் அதைத்தான் கொட்டினாக. அப்புறம் நெஞ்சுக்கு நெய் ஆகாதுன்னு சேதி பரவவும், தாவர எண்ணெய்தானேன்னு அதுக்கு இன்னும் மவுசு கூடிப்போச்சு. கடைசியில பாத்தா, எண்ணெயைக் கட்டியாக்குற அந்த வித்தையிலதான் டிரான்ஸ் கொழுப்புங்கிற சனியன் பிறக்குது. அது கெட்டதை ஏத்தும், நல்லதை இறக்கும், ரெண்டு வேலையும் ஒண்ணாப் பாக்கும். கொழுப்புப் பத்திச் சண்டை போடுற ரெண்டு கட்சியும் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்ட ஒரே விரோதி அதுதான். 2022 ஜனவரி முதல் தேதியில இருந்து எண்ணெய், வனஸ்பதியில அது ரெண்டு சதத்துக்கு மேல இருக்கப்படாதுன்னு இந்தியாவுல சட்டம். நெய்யைப் பார்த்துப் பயந்து ஓடி விழுந்தது எந்தக் கிணத்துலன்னு பாத்தியா? ரேஷன் பாமாயிலைப் பத்தி நான் வாயைத் தொறக்க மாட்டேன். அதுலயும் பாதி உறையுற கொழுப்புத்தான், ஆனா லிட்டர் 25 ரூவாய்க்கு வேற எந்த எண்ணெயைக் குடுப்பாக? கூலி வேலைக்குப் போற வீட்டுல போய் ஆலிவ் எண்ணெய் வாங்குங்கன்னு சொல்றவன் வாயில அந்த ஆலிவ் எண்ணெயையே ஊத்தணும்.

இதெல்லாம் கேட்டு நீ குளுந்துபோய் உக்காந்திருக்க. இனிமேதான் உனக்கு இருக்கு. டாக்டர் குடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திட்டியாமே?

ஆமா, அத்தை அதையும் சொன்னா. நெய்யை நிறுத்துனதுக்குத் தண்டோரா, மாத்திரையை நிறுத்துனதுக்குக் கமுக்கம். யாரோ ஒருத்தர் யூடியூப்ல "கொலஸ்ட்ரால்ங்கிறதே கம்பெனிக்காரன் சதி"ன்னாராம், நீ அட்டையோட குப்பையில போட்டுட்டியாம். மாப்ளே, சீனிக்காரன் காசு குடுத்து எழுத வச்சான், வாஸ்தவம். அதனால எல்.டி.எல். யோக்கியன்னு ஆயிருமா? பத்து வருஷத்துக்கு முன்னால தமிழ்நாட்டுல பேலியோ அலை அடிச்சுச்சே, ஞாபகம் இருக்கா? காலையில நூறு பாதாம், மத்தியானம் கறி, ராத்திரி முட்டை, வெண்ணெய் போட்ட டீ. சோத்தையும் சீனியையும் விட்டதுல பலபேருக்கு எடை இறங்குச்சு, ட்ரைகிளிசரைடு இறங்குச்சு, சர்க்கரை வியாதியும் அடங்குச்சு. அந்த மட்டுக்கு நான் கும்பிடு போடுறேன். அதே சாப்பாட்டுல சில பேருக்கு எல்.டி.எல். ஏறிக்கிட்டே போச்சு. அவுகளைப் பார்த்து, அது ஏறினா ஏறட்டும், ஒண்ணும் செய்யாதுன்னு சமாதானம் சொன்னாக பாரு, அங்கதான் எனக்கு ஒத்துவரல.

ஏன்னு கேளு. பிறவியிலயே எல்.டி.எல். பல மடங்கு கூடிப் பிறக்கிற பிள்ளைக உண்டு. நெய்யும் தின்னிருக்காது, பீடியும் குடிச்சிருக்காது, பத்துப் பதினஞ்சு வயசுலயே மாரடைப்பு வரும். ரத்தத்துல இருக்கிற எல்.டி.எல்.லைப் பிடிச்சு உள்ள இழுக்கிற பிடிமானம் அதுக உடம்புல சரியா வேலை செய்யலைன்னு கண்டுபிடிச்ச பிரௌன், கோல்ட்ஸ்டீன் ரெண்டு பேருக்கும் 1985ல நோபல் பரிசு குடுத்தாக. மாத்திரையோட கதை அதைவிட ருசி. அகிரா எண்டோன்னு ஒரு ஜப்பான்காரரு, கொலஸ்ட்ராலை அடக்குற சரக்கு பூஞ்சைக்காளான்ல இருக்கும்னு ஆயிரக்கணக்கான பூஞ்சையைத் தேடி, 1970கள்ல ஒரு பூசணத்துல அதைக் கண்டுபிடிச்சாரு. நம்ம வீட்டுல ஊறுகாய்ல பூத்தா அத்தை வீசி எறியுறாளே, அந்தச் சாதிச் சரக்குல இருந்து வந்ததுதான் ஸ்டாட்டின். ஸ்காண்டிநேவியா நாடுகள்ல, ஏற்கெனவே நெஞ்சுவியாதி கண்ட 4,444 பேருக்குப் பாதி மாத்திரை, பாதி வெத்து மாத்திரை குடுத்துப் பாத்தாக. 1994ல கணக்கு வெளிய வந்தப்ப, மாத்திரை தின்னவுகள்ல சாவு முப்பது சதம் குறைஞ்சிருந்துச்சு. எல்லாருக்கும் அது வேணுமா, வியாதி வராதவனுக்கு எந்த வயசுல ஆரம்பிக்கணும்னு டாக்டருக இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காக. அந்தப் பேச்சுல நீ வர மாட்ட. உங்க அப்பாவுக்கு நாப்பத்தொன்பது வயசுல ஸ்டென்ட் வச்சதை மறந்துட்டியா? அந்த வீட்டுப் பிள்ளைக்கு டாக்டர் யோசிச்சுத்தான் எழுதிக் குடுத்திருப்பாரு. மாத்திரை தின்னு தசை வலிச்சா அவருகிட்டப் போய்ச் சொல்லு, அளவை மாத்துவாரு, மருந்தை மாத்துவாரு. குப்பைத்தொட்டிகிட்டப் போய் ஏன் ஆலோசனை கேக்குற?

இன்னொரு நினைப்பையும் தலையில இருந்து எடு. மில்லுல காத்துக் குழாய்ல பஞ்சுத்தூசி படியிற மாதிரி, ரத்தக்குழாய்ல கொழுப்பு மேல் மேலப் படிஞ்சு ஒருநாள் அடைச்சுக்கிடும், வெந்நி குடிச்சா கரைஞ்சிரும், பூண்டு தின்னா கழுவிரும்னு நினைக்கிற. அப்படி இல்ல. எல்.டி.எல். குழாயோட சுவருக்கு உள்ள நுழைஞ்சு புடையெடுக்குது. வருஷக்கணக்கா சத்தமே இருக்காது. ஒருநாள் அந்தப் புடை கிழியும், கிழிஞ்ச இடத்துல ரத்தம் உறையும், அஞ்சு நிமிசத்துல வழி அடைஞ்சிரும். முந்தின நாள் கபடி ஆடினவனும் விழுறான் பாத்தியா, அது இதாலதான். அந்தப் புடையைக் கிழிக்கிறதுல பீடி, சிகரெட், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை நாலுக்கும் பெரிய கை உண்டு.

இப்ப ஒரு ரகசியம் சொல்றேன். இவ்வளவு நேரம் நெய்யா, எண்ணெயா, முட்டையான்னு சண்டையைத்தானே பேசுனோம்? சண்டையே இல்லாத இடம் ஒண்ணு இருக்கு, அங்க மட்டும் கூட்டமே இல்ல. செங்கோட்டை தாண்டி மலைக்கு அங்கிட்டு, கொட்டாரக்கரையில பிறந்த சலீம் யூசுஃப்னு ஒரு டாக்டரு, கனடாவுல இருந்துக்கிட்டு 52 நாட்டுல மாரடைப்பு வந்தவுகளையும் வராதவுகளையும் ஒப்பிட்டு 2004ல கணக்குச் சொன்னாரு. புகை, ரத்தக்கொழுப்பு, கொதிப்பு, சர்க்கரை, தொப்பை, மன உளைச்சல், காய்கனி திங்காம இருக்கிறது, உடம்பு அசைக்காம இருக்கிறது, சாராயச் சங்கதி, இந்த ஒன்பதுதான் பத்துல ஒன்பது மாரடைப்புக்குப் பொறுப்பு. கொழுப்பு ஆகாதுங்கிறவனும் தொப்பை நல்லதுன்னு சொல்லல, கொழுப்பு தின்னுங்கிறவனும் சிகரெட் குடின்னு சொல்லல. உனக்கு நெய்ச் சண்டை ஏன் இவ்வளவு இனிக்குதுன்னா, அதைப் பேசிக்கிட்டு உக்காந்தா எந்திரிச்சு நடக்க வேண்டியதில்ல.

தொப்பைக்கு ஸ்கேன் எல்லாம் வேண்டாம். இடுப்புல கட்டின அருணாக்கயிறு எத்தனை தடவை அத்துப்போச்சு, சொல்லு. நம்ம நாட்டு ஆம்பளைக்கு இடுப்புச் சுத்து 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80. அதுக்கு மேல போனா கவனிக்கணும். ஜில்லாவுக்கு ஒண்ணுன்னு எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கி, 2023 நவம்பர்ல 'நடப்போம் நலம் பெறுவோம்'னு சர்க்காரே பேரு வச்சு வாங்கன்னு கூப்பிடுது. இங்கனக்குள்ள சஞ்சீவி மலை இருக்கு, அய்யனார் கோயில் பாதை இருக்கு. நீ அய்யனார் கோயில் அருவிக்குப் போனாலும் தண்ணி விழுற இடம் வரைக்கும் வண்டி போகுமான்னுதான் மொத கேள்வி கேக்குற. ஆடிப்பூரத் தேர் வடத்தை ரெண்டு அடி இழுத்துட்டு முப்பது போட்டோ எடுத்துப் போட்ட ஆளுதானே.

சோத்தை மட்டும் ஒரு கரண்டி குறை. நாட்டுல நாம திங்கிற தீனியில கிடைக்கிற கலோரியில 62 சதம் மாவுச்சத்துல இருந்துதான்னு இன்டியாப்காரங்க 2025ல இன்னொரு கணக்குச் சொல்லிருக்காக. குறைச்ச இடத்துல பயறோ, சுண்டலோ, அந்த மஞ்சக்கருவோ, ஒரு மீன் துண்டோ, ரெண்டு கை வெஞ்சனமோ போடு. நாய் கொஞ்சம் இளைச்சாப் பரவாயில்ல.

கடைசியா ஒண்ணு, இதைச் சிரிக்காமச் சொல்றேன். உங்க அப்பாவுக்கு அன்னிக்கு வலிச்சப்ப, வாயுன்னு சொல்லிட்டு ரெண்டு கோலி சோடா குடிச்சாரு, ஏப்பம் வந்துச்சுன்னு திண்ணையில படுத்துட்டாரு. மூணு மணி நேரம் போச்சு. ஸ்டென்ட் வச்சுப் பொழைச்சாலும் இதயத்துல பாதி அன்னிக்கே சோர்ந்துபோச்சு. நெஞ்சு நடுவுல பாரம் வச்ச மாதிரி அமுக்கி, இடது கைக்கோ தாடைக்கோ ஏறி, குப்புன்னு வேர்த்தா, சோடாவைத் தேடாதே. 108க்கு அடி. பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தா அங்க போ. 2023 ஜூன்ல இருந்து 'இதயம் காப்போம்'னு ஒரு திட்டம் இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அங்கயே கையில பதினாலு மாத்திரை குடுப்பாக. ஆஸ்பிரின் ரெண்டு, குளோபிடோக்ரல் நாலு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. அந்த எட்டும் நீ குப்பையில போட்ட அதே சாதி மாத்திரைதான். நர்சம்மா நீட்டுறப்ப, "யூடியூப்ல ஒருத்தர் என்ன சொல்றார்னா"ன்னு ஆரம்பிச்சேன்னு வையி, உங்க அத்தையை ஆட்டோ பிடிச்சு அனுப்பி வைப்பேன். அவ கை கனம் உனக்குத் தெரியாததா?